கரிசல் ஊர்களின் பொது முதல்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் நான்குவழிச் சாலை விருதுநகரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மண் கறுத்துவிடுகிறது. ஆற்றுப் பாசனம் எட்டாத மானாவாரிக் காடு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, நிலக்கடலை என்று வானத்தைப் பார்த்து விதைத்த பூமி. மழை பொய்த்த வருடங்களில் இங்கிருந்து குடும்பம் குடும்பமாகப் பஞ்சம் பிழைக்கக் கிளம்பியிருக்கிறார்கள். அந்த வாழ்க்கையைக் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் எழுதிவைத்தார்கள், இருவரும் பிறந்த இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இத்தனை வறண்ட வட்டாரத்தில்தான் தமிழ்நாட்டின் மிக உறுதியான சிறுதொழில்களில் சில வேர்பிடித்தன. சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ்ஸில் சீக்கிரமே போய்விடலாம். இவற்றில் பெரும்பாலானவை இன்றும் குடும்பம் நடத்தும் தொழில்கள். பல நிறுவனங்களின் பெயர் மாவட்ட எல்லையைத் தாண்டித் தெரியாது. ஆனால் ஊரின் பெயர் நாடு முழுக்கத் தெரியும்.

ஒரு கடை நன்றாக நடந்தால் அதற்கு முதலாளியின் உழைப்பும் நாணயமும் சரக்கின் தரமும் காரணம் என்று சொல்வது வழக்கம். அவை இல்லாமல் எந்தத் தொழிலும் நிற்காது என்பது சரிதான். ஆனால் உழைப்பும் நாணயமும் உள்ள கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. அவற்றில் பல நம் கண் முன்னாலேயே மூடப்படுகின்றன. கரிசல் ஊர்களின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வேறொரு காரணம் துலங்குகிறது. தனி ஒரு கடையால் வாங்கவோ கட்டவோ முடியாத சிலவற்றை இந்த ஊர்கள் பொதுவில் வைத்திருந்தன: கடன் கிடைக்கும் வழி, கைத்திறன், சந்தைத் தொடர்பு, அரசின் கதவைத் தட்டும் குரல், ஊரின் பெயர். இந்தப் பொது முதல் இருந்த இடத்தில் சிறியவர்கள் தழைத்தார்கள். எதைப் பொதுவில் வைக்கத் தவறினார்களோ, அங்கே இன்றும் அடிவாங்குகிறார்கள்.

சிவகாசியின் கதை 1922-இல் கல்கத்தாவில் தொடங்குகிறது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் உறவினர்கள், இளைஞர்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காக அங்கே போனார்கள். ஜப்பானியர்கள் வழியாக அந்தத் தொழில்நுட்பம் கல்கத்தாவில் பரவியிருந்த காலம். சில மாதங்கள் தங்கிக் கற்றுத் திரும்பியவர்கள் 1923-இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் ஜெர்மன் எந்திரங்களை வைத்துப் பார்த்தார்கள். வேலை தேடி ஆட்கள் காத்துக்கிடந்த ஊரில் கைவேலைதான் கட்டுபடியாகும் என்பது சீக்கிரமே விளங்கிவிட்டது. சில வருடங்களில் இருவரும் தொழிலைச் சுமுகமாகப் பிரித்துக்கொண்டார்கள். அணில் மார்க் ஒருவருக்கு, காக்கா மார்க் மற்றவருக்கு. கற்றுவந்த வித்தை இரண்டு குடும்பங்களின் பெட்டிக்குள் பூட்டிக்கிடக்கவில்லை. வேலை பார்த்தவர், உறவுக்காரர், அக்கம்பக்கத்தார் என்று ஒருவர் பின் ஒருவராகத் தொழிலில் இறங்கினார்கள். சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று அது பரவியது.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிள் அச்சடிக்கச் சென்னைக்கும் பம்பாய்க்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. அச்சு எந்திரங்கள் சிவகாசிக்கே வந்தன. எந்திரம் வந்த பிறகு அதற்கு வருடம் முழுக்க வேலை கொடுத்தாக வேண்டும். காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், வாழ்த்து அட்டை என்று அச்சுத் தொழில் தனியே கிளைத்து வளர்ந்தது. தீக்குச்சி மருந்தின் ரசாயனம் அறிந்த கைகள் மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் போயின. மழை குறைந்த காய்ந்த காற்று மூன்று தொழிலுக்கும் தோதாக இருந்தது: மருந்து சீக்கிரம் உலரும், மையும் உலரும். ஒரு தொழிலின் தேவை அடுத்த தொழிலைப் பெற்றது. இன்றும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகளைச் சிவகாசி அச்சகத்தார் வெளியிடுகிறார்கள். பல மாநில வியாபாரிகளின் ஆர்டர்கள் அந்த மாதிரிகளைப் பார்த்துத்தான் வருகின்றன.

ஒரே தொழில் செய்யும் சிறு பட்டறைகள் ஓரிடத்தில் கூடும்போது, பெரிய ஆலைக்கே உரியவை என்று கருதப்படும் ஆதாயங்கள் அவற்றுக்கும் கிடைக்கும் என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே எழுதினார். அவர் மனத்தில் இருந்தவை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு போன்ற ஊர்கள். ஆனால் அவருடைய கோட்பாடு மட்டும் சிவகாசியை விளக்கப் போதாது. பட்டறைகள் கூடிய ஊர்கள் இந்தியாவில் எத்தனையோ உண்டு. அவற்றில் பல கந்துவட்டியிலும் தரகர் பிடியிலும் சிக்கி நசித்துப்போயின. முதல் போட்டது யார் என்ற கேள்விக்கு வந்தாக வேண்டும்.

அதற்கான விடை மகமை. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர், திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே உறவின்முறை என்ற சமூக அமைப்புகளை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வியாபாரியும் தன் கொள்முதலிலும் விற்பனையிலும் ஒரு சிறு பங்கை மகமையாக ஊர்ப் பொதுநிதிக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், பேட்டை கட்டினார்கள், பள்ளி நடத்தினார்கள். விருதுநகர் சத்திரிய வித்யாசாலைக்காக வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். நாடார்களைக் கோயிலுக்குள் நுழையவிடாத சமூகத்தில், சிவகாசி 1899-இல் சாதிக் கலவரங்களைக் கண்ட வட்டாரத்தில், மற்றவர் கையை எதிர்பார்க்க முடியாது என்ற நிலையே இப்படி ஒரு கட்டமைப்பை உருவாக்க வைத்தது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. அடமானம் வைக்க நிலமில்லாத சிறு வியாபாரியைப் பெயர் சொல்லி அறிந்த வங்கி கிடைப்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பொதுநிதியும் கடனும் நம்பிக்கையும் பெரும்பாலும் ஒரு சாதிக்குள் சுழன்றன. தீப்பெட்டி ஆபீஸ் என்று அங்கே சொல்லப்படும் ஆலைகளில் குச்சி அடுக்கிய தலித் குடும்பங்களும் பிற ஏழைக் குடும்பங்களும் கூலி பெற்றன. முதலாளி ஆகும் வழி அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. ஒரு ஊரின் பொது முதல் என்று பேசும்போது அந்த ஊரில் யார் யாரெல்லாம் சேர்த்தி என்று கேட்பது நியாயமான கேள்வி. மகமை சாதித்ததைப் போற்றுகிறவர்கள் அதே முறையைச் சாதிக்கு வெளியே விரிப்பது எப்படி என்று யோசித்தாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கு ஒரு விடை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

தீப்பெட்டிச் சந்தையில் சிவகாசி சந்தித்த எதிரி சாதாரண எதிரி இல்லை. 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி உயர்ந்தது. அதுவரை கப்பலில் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஸ்வீடனின் தீப்பெட்டிப் பேரரசு, இந்தியாவிலேயே ஆலை போடத் தீர்மானித்தது. 1923-இல் விம்கோ என்று அறியப்பட்ட வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி உருவானது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, சென்னை என்று எந்திர ஆலைகள் எழுந்தன. உலகின் பல நாடுகளில் உள்ளூர்த் தீப்பெட்டிக்காரர்களை விழுங்கியது அந்த ஸ்வீடன் பேரரசு. விம்கோவும் சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலும் தொடங்கியது ஒரே ஆண்டில்.

கைவேலை பிழைத்தது எப்படி? தீரமும் மலிவான கூலியும் பாதிக் காரணம். மீதிப் பாதி வரிக்கொள்கை. 1934-இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. விடுதலைக்குப் பிறகு எந்திர ஆலைக்கு ஒரு விகிதம், கைத்தொழிலுக்குக் குறைந்த விகிதம் என்று அரசு வேறுபடுத்தியது. தீப்பெட்டி சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட பொருட்களின் பட்டியலிலும் இருந்தது; கடைசியாக மிஞ்சியிருந்த 20 பொருட்களோடு 2015-இல்தான் அந்த ஒதுக்கீடு நீங்கியது. சிறுதொழில் தன் காலில் நின்று வென்றது என்று மேடையில் பேசுவது கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் இங்கே அரசு பல பத்தாண்டுகள் ஒரு கையால் முட்டுக் கொடுத்திருக்கிறது. கொடுத்ததில் தவறில்லை. கிடைத்த அவகாசத்தில் அந்த ஊர்கள் திறனையும் சந்தையையும் வளர்த்துக்கொண்டன. 2015-இல் ஒதுக்கீடு போன பிறகும் தொழில் அங்கேயே இருப்பதற்கு அதுதான் காரணம்.

பொதுக்குரல் என்ன செய்யும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் 2021. தீப்பெட்டி விலையின் வரலாறு விசித்திரமானது. அது சில்லறைக் காசின் கணக்கில்தான் நகரும். 1995-இல் 25 காசிலிருந்து 50 காசு, 2007-இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாய். அதற்குப் பிறகு 14 ஆண்டுகள் அசைவே இல்லை. பெட்டிக்கடையில் ஒன்றேகால் ரூபாய்க்கு யாரும் தீப்பெட்டி கேட்க மாட்டார்கள். இதற்கிடையில் மூலப்பொருள் விலை எகிறியது. 2021 அக்டோபர் நிலவரப்படி சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்கும், மெழுகு 58-லிருந்து 80-க்கும், உள்பெட்டி அட்டை 32-லிருந்து 58-க்கும் போயிருந்தது. 600 பெட்டி கொண்ட பண்டலை 270 முதல் 300 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தவர்களுக்குக் கையைக் கடித்தது.

தனியாக ஒருவர் விலையை ஏற்றியிருந்தால் மறுநாளே அவருடைய சரக்கு தேங்கியிருக்கும். ஐந்து உற்பத்தியாளர் சங்கங்களின் பிரதிநிதிகள் சிவகாசியில் கூடினார்கள். டிசம்பர் 1 முதல் பெட்டி இரண்டு ரூபாய் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். வாங்குபவர் ஏமாந்ததாக நினைக்கக்கூடாது என்று 36 குச்சிக்குப் பதில் 50 குச்சி வைப்பது என்றும் தீர்மானித்தார்கள். வட இந்தியாவின் கடைக்கோடிப் பெட்டிக்கடை வரை அந்த விலை போய்ச் சேர்ந்தது. இப்படிச் சேர்ந்து விலை வைப்பது போட்டிச் சட்டம் ஐயத்தோடு பார்க்கும் செயல். பெரிய சிமெண்ட் கம்பெனிகள் இதையே செய்தால் வாங்குகிறவர்கள் கொதித்தெழுவார்கள், எழவும் வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் ஒன்றையொன்று கீழே இழுத்துக்கொண்டு மொத்தமாக மூழ்கிப் போவதைத் தடுக்க வேறு வழி என்ன இருந்தது என்பதும் யோசிக்க வேண்டியது.

அடுத்த சோதனை லைட்டர். சீனாவிலிருந்து வந்த பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் விற்பனையைக் கெடுக்கிறது என்பது உற்பத்தியாளர்களின் கணக்கு. சங்கங்கள் ஆட்சியர், அமைச்சர், முதலமைச்சர் என்று ஒவ்வொரு படியாக ஏறின. 2022-இல் முதலமைச்சர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. பாகங்களைத் தனித்தனியே இறக்கி இங்கே பூட்டி விற்கும் குறுக்குவழி முளைத்தது. 2024-இல் பாகங்களுக்கும் தடை வந்தது. ஒரு தீப்பெட்டி ஆபீஸ்காரர் தனியாக டெல்லிக்கு எழுதிய மனு எந்த மேசையில் கிடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கோவில்பட்டியில் இன்னொரு தொழில். இங்கே ரசாயனம் இல்லை, அடுப்பும் பாகும்தான். 1940-களில் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார், அதுவரை கருப்பட்டிப் பாகில் வீட்டுப் பண்டமாக இருந்த கடலை மிட்டாயைக் கரும்பு வெல்லத்தில் செய்து விற்கத் தொடங்கினார் என்று ஊரில் சொல்கிறார்கள். கரிசலில் விளைந்த நிலக்கடலையின் ருசி தனி. வெல்லம் தேனிப் பக்கத்திலிருந்து வரும், தண்ணீர் தாமிரபரணியிலிருந்து.

செய்முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தத் தொழிலை ஏன் எளிதில் பெயர்த்து எடுக்க முடியவில்லை என்பது புரியும். கடலையைப் பக்குவமாக வறுத்து, தோல் நீக்கிப் புடைத்து, இரண்டாக உடைத்து வைத்துக்கொள்கிறார்கள். கருகல் ஒன்றிரண்டு கலந்தாலும் மொத்தத் தட்டும் கசக்கும் என்பதால் பொறுக்குவதற்கென்றே பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி மறுபடி கொதிக்க விடுகிறார்கள். பாகின் பதம்தான் உயிர். பாகுமாஸ்டர் ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டிப் பார்க்கிறார். சத்தம் கணீரென்று வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் மிட்டாய் இழுபடும், பல்லில் ஒட்டும். பின்னால் இறக்கினால் கசப்பு ஏறும். வெல்லம் ஒரு லோடுக்கு இன்னொரு லோடு ஒரே மாதிரி இருக்காது. மழைக்காலத்துக் காற்றில் ஈரம் ஏறினால் பதமும் மாறும். கணக்கு வைத்துச் சொல்லித்தர முடியாத அந்த அரை நிமிடம் அடுப்படியில் நின்று நின்று கைக்கு வருவது. கடலையைக் கொட்டிக் கிளறிய கையோடு பலகையில் ஊற்றி, கட்டையால் சமமாகத் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் கோடு போட்டு வெட்டிவிட வேண்டும். மேலே வண்ணத் தேங்காய்த் துருவல் தூவுவது கோவில்பட்டியின் கையெழுத்து.

ஒரு கடையில் பாகு கிண்டக் கற்றவர் நாளை இன்னொரு கடைக்குப் போகிறார், அல்லது சொந்தமாக அடுப்பு மூட்டுகிறார். முதலாளிக்கு அது இழப்பு. ஊருக்கு அது சேமிப்பு. அதோடு, பக்கத்துக் கடையின் மிட்டாய் நன்றாக இருந்தால் தன் மிட்டாயைக் குறைத்துச் செய்ய யாருக்கும் துணிவு வராது. வாங்குகிறவர் இரண்டு கடை தள்ளிப் போய் ருசி பார்த்துவிட்டு வரக்கூடிய தெரு அது. நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் ஊர் வழியே போவதால், சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே பயணம் போகிறவர்கள் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போனார்கள். குளிர்சாதனம் தேவைப்படாமல் நாள்கணக்கில் கெடாத பண்டம் என்பதால் ஊரின் பெயர் பயணிகளின் பையிலேயே நாடெங்கும் போனது. விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவு இல்லை.

பெயர் பெரிதானதும் போலி வரும். எங்கோ செய்த மிட்டாய் கோவில்பட்டிப் பெயரில் விற்கப்படுவது வாடிக்கையானது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய் உற்பத்தியாளர், விற்பனையாளர் சங்கத்தின் பெயரில் 2014-இல் விண்ணப்பம் போனது. 2020 ஏப்ரலில் குறியீடு கிடைத்தது. அதன்பின் அஞ்சலகத்தில் பணம் கட்டினால் மிட்டாயை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாட்டை அஞ்சல் துறை செய்தது.

இந்தச் சட்டத்தின் சிறப்பு அதன் உரிமை முறையில் இருக்கிறது. வணிக முத்திரை ஒரு நிறுவனத்தின் சொத்து. அதை விற்கலாம், வாங்கலாம். புவிசார் குறியீட்டை எந்தப் பணக்காரரும் விலைக்கு வாங்க முடியாது. அது அந்த வட்டார உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் உரியது. ஆனால் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டால்தான் சட்டம் துணைக்கு வரும். பல ஊர்களில் குறியீடு கிடைத்த நாளில் பட்டாசு வெடித்துவிட்டு இந்த இரண்டாவது வேலையை மறந்துவிடுகிறார்கள். போலியைத் தேடிப் பிடித்து வழக்குப் போடும் செலவை யார் ஏற்பது என்பதும் பேசப்படுவதில்லை. இங்கேதான் மகமை போன்ற பழைய ஏற்பாடு மறுபடி தேவைப்படுகிறது.

குறியீடு மட்டும் ஊரைக் காப்பாற்றாது என்பதற்குத் திண்டுக்கல் பூட்டு சாட்சி. 2019-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் ராவி, நெம்புகோல் வைத்துச் செய்யும் மாங்காய்ப் பூட்டின் உறுதியைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அலிகாரில் எந்திரத்தில் செய்த மலிவான பூட்டு வந்தபோது எதிர்த்து நிற்கத் திண்டுக்கல்லால் முடியவில்லை. பட்டறைகள் குறைந்தன, கைவினைஞர்கள் தங்கள் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பினார்கள். கற்றுக்கொள்ள ஆள் வராத இடத்தில் திறன் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது. குறியீடு அங்கே வந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வேறு பாதையில் போனது. ஆண்டாள் கோயிலுக்கு வரும் கூட்டம் ஒரு சந்தை. சுற்றுக் கிராமங்களின் மாடுகள் கொடுக்கும் பால் மூலப்பொருள். அகன்ற சட்டியில் பாலை விறகடுப்பில் வைத்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே சுண்ட வைத்து, சர்க்கரை சேர்த்து இறக்கும் வேலை. தனியார் கடைகள் நிறைய உண்டு. ஆனால் அந்த ஊரின் பால்கோவாவுக்குப் பெயர் வாங்கித் தந்ததில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. விற்காமல் மிஞ்சும் பாலுக்கு ஒரு வழி வேண்டும் என்று தொடங்கிய வேலை அது. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கூட்டுறவில் சேர மாடு இருந்தால் போதும், சாதி கேட்பதில்லை. பால் ஊற்றுகிற விவசாயியே அந்தத் தொழிலின் பங்குதாரர். மகமையின் கதவு மூடியிருந்த இடத்தில் கூட்டுறவின் கதவு திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சிறுதொழில் பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்த ஒரு விஷயம் ஏன் இத்தனை குறைவாகப் பேசப்படுகிறது என்று ஆதங்கமாக இருக்கிறது.

இத்தனை பெருமைக்கும் நடுவே, இந்த வட்டாரத் தொழில்களின் விலையைக் கூலிக்காரர்கள் எவ்வளவு காலம் தங்கள் உடம்பால் கட்டினார்கள் என்பதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மை ஆகாது. 1970-களிலும் 80-களிலும் விடியும் முன்பே வேன்கள் கிராமங்களுக்கு வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுகளுக்குப் போயின. அங்கே குச்சி அடுக்கியவை அந்தச் சின்ன விரல்கள். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறப்புப் பள்ளிகளும், மதிய உணவும், எந்திரங்களின் வருகையும், பெற்றோரின் மனமாற்றமும் சேர்ந்து அந்த நிலையைப் பெருமளவு மாற்றின. குழந்தைகளை நிறுத்தினால் தொழிலே அழிந்துவிடும் என்று அன்று சொன்னார்கள். அழியவில்லை.

பட்டாசில் அந்த அளவு மாற்றம் வரவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆண்டும் விபத்துச் செய்தி வந்துகொண்டிருக்கிறது. காரணங்கள் புதியவை இல்லை: உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுவது, ஓர் அறையில் அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதல் ஆட்கள், தேவைக்கு மேல் கலந்து வைத்த மருந்து, தீபாவளி நெருங்கும்போது துண்டுக்கூலி அவசரம். சட்டத்தில் இவை எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. மீறுகிறவர் மலிவாக விற்கிறார். விதிப்படி நடப்பவர் சந்தையில் தோற்கிறார். மூலப்பொருள் விலை ஏறியபோது தீப்பெட்டிக்காரர்கள் எதிர்கொண்ட அதே சிக்கல்தான் இது. தனியாக ஒருவர் சரியாக நடந்தால் நஷ்டம். சேர்ந்து நடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விலைக்காகச் சேர முடிந்த ஊர்களால் உயிருக்காக ஏன் சேர முடியவில்லை?

இன்னொரு நெருக்கடியும் கூடவே வந்திருக்கிறது. இந்தத் தொழில்களில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய மகள்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். அது கொண்டாட வேண்டிய செய்தி. அந்த மகள்கள் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு அறைக்கோ திரும்பி வரமாட்டார்கள். வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையல்ல. தீப்பெட்டியில் முழுத் தானியங்கி எந்திரங்கள் வேகமாக வருகின்றன. அவற்றை வாங்க முடியாத சிறு ஆலைகள் என்ன செய்யும் என்பது அடுத்த பத்தாண்டின் கேள்வி. ஒவ்வொருவரும் கடன் வாங்கி ஓர் எந்திரம் போட்டால் பாதிப் பேர் வட்டியில் மூழ்குவார்கள். பல ஆலைகள் சேர்ந்து பொதுவில் ஓர் எந்திரக்கூடம் அமைப்பதற்கு மத்திய, மாநில அரசுகளின் குறுந்தொழில் குழுமத் திட்டங்களில் மானியமும் இருக்கிறது. மகமை கட்டிப் பழகிய ஊர்களுக்கு அது அந்நியமான யோசனை இல்லை.

பாதுகாப்புக்கும் அதே வழி பொருந்தும். விற்கும் ஒவ்வொரு பண்டலுக்கும் பெட்டிக்கும் ஒரு சிறு தொகையைச் சங்கமே பிடித்து, அதில் பயிற்சி பெற்ற சோதனையாளர்களைச் சம்பளத்துக்கு வைக்கலாம். உள்குத்தகை விடும் ஆலையின் பெயரை நோட்டீஸ் பலகையில் எழுதி, அதற்கு லேபிளும் அட்டையும் மூலப்பொருளும் கொடுப்பதில்லை என்று அச்சகத்தாரும் வியாபாரிகளும் கூடி முடிவெடுக்கலாம். தீக்காயம் பட்டவரின் குடும்பத்துக்கு அரசின் நிவாரணக் காசோலைக்குக் காத்திராமல் மறுநாளே பணம் போய்ச் சேரும்படி செய்யலாம். சங்கத்தின் செயற்குழுவில் வேலை பார்க்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும். எந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.